நூறு சாப்பாடும் ஒரு மெசேஜும்

அத்தியாயம் 12

ஒரு விஷயத்தை ஒன்பது நாள் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நூறு பேருக்குச் சமைப்பது லேசான காரியமில்லை. சுராயாவைக் கேட்டால் தெரியும். ஆனால் யார் கேட்டாலும் அவள் சொல்லமாட்டாள். அதுதானே இப்போது பிரச்சினையே.

வியாழக்கிழமை விடியற்காலை, சுபுஹுத் தொழுகைக்கு முசல்லாப் பாயை விரித்து நின்றாள். கைகளைத் தூக்குவதற்கு முன்னால் மனதில் நிய்யத்து வைக்க வேண்டும். இன்ன தொழுகையை அல்லாஹ்வுக்காகத் தொழுகிறேன் என்று ஒரு சின்ன எண்ணம். நாற்பத்து நான்கு வயதில் எத்தனையாயிரம் முறை வைத்தது! அன்றைக்கு அது வரவில்லை. எண்ணம் என்று உள்ளே தேடினால் கைபேசிதான் கண்ணுக்குள் வந்தது. தொழுது முடித்தாள் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

இந்தக் குடும்பத்தோடு போன வாரம் வரை கூடவே வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக நாலு வரி.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் வீடு. கணவர் அப்பாஸ், சொந்தமாக ஒரு குட்டி யானை வண்டி வைத்து லோடு அடிப்பவர். ஒரே மகள் ஹனியா. செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து ஒரு வருஷம் ஆகிறது. சுராயா படித்தது எட்டாவது. ஆனால் அவள் பிரியாணியைச் சாப்பிட்டவர்கள் அதையெல்லாம் விசாரிப்பதில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் செங்கல்பட்டில் மகளிர் குழுவினருக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அம்மாவுக்குத் துணையாக ஹனியாவும் போனாள். பயிற்சி கொடுக்க வந்த மேடம் எடுத்த எடுப்பிலேயே, "உங்க கோல் என்ன?" என்று கேட்டார். பாதிப் பேர் ஃபுட்பால் என்று நினைத்துச் சிரித்தார்கள். மேடம் விளக்கினார். மனதில் ஒன்றை நினைக்க வேண்டும், அதற்கு நாள் குறிக்க வேண்டும், அதற்காகவே தினமும் படுக்கையிலிருந்து எழுந்திருக்க வேண்டும். சுராயாவுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது.

"ஓ! நிய்யத்து" என்றாள் சத்தமாக.

மேடத்துக்கு அந்த வார்த்தை தெரியாது. இருந்தாலும் ஒரு பெண்மணி இவ்வளவு ஆர்வமாகச் சொல்கிறாளே என்று, "அதேதான்மா, அதேதான்" என்று தலையாட்டிவிட்டார். கோளாறு அங்கே ஆரம்பித்தது. கோல் என்றால் முடியாவிட்டால் மாற்றி எழுதிக்கொள்ளலாம். நிய்யத்தை மாற்ற முடியுமா? அதில் கை வைத்தால் பாவம் என்று சுராயா தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கொடுத்த அட்டையில் எழுதினாள்: ஒரே நாளில் நூறு சாப்பாடு, ஆறு மாசத்துக்குள்ள.

ஹனியாவும் எழுதினாள். அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை. அதை யாரும் நிய்யத்து என்று சொல்லவில்லை.

இருபது பேருக்குச் சமைக்கச் சுராயாவுக்குக் கை போதும். எழுபது என்றதும் கை தடுமாறியது. ஒரு நாள் உப்பு ஏறும், மறுநாள் சப்பென்று போகும். ஹனியாதான் கடையில் போய் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி வந்தாள். அம்மா கையால் அள்ளிப் போடும் ஒவ்வொன்றையும் நடுவில் பிடித்து நிறுத்தி எடை போட்டாள். ஒரு கிலோ அரிசிக்கு உப்பு எத்தனை கிராம், பட்டை எத்தனை, மிளகாய்த்தூள் எத்தனை என்று ஒரு மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டு, டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டினாள். அதற்கப்புறம்தான் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் ஒரு ஐ.டி. கம்பெனி மதியச் சாப்பாட்டை இவர்களிடம் கொடுத்தது. சுராயாவின் கைப்பக்குவம் இப்போது மகள் கையில் இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒன்பது நாளைக்கு முன்னால் அந்த மெசேஜ் வந்தது. மகாபலிபுரம் கடலோரத்தில், கடல் தண்ணீரைச் சோதிக்கிற அரசு ஆய்வுக்கூடம். ஹனியா ஆய்வக உதவியாளராகத் தேர்வாகியிருக்கிறாள். இன்ன தேதி, மதியம் இரண்டு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். தேர்வானவர்களுக்கு ஒரு வருஷப் பயிற்சி தூத்துக்குடியில்.

மெசேஜ் வந்தது சுராயாவின் போனுக்கு. ஏனென்றால் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பொம்பளப் புள்ள நம்பரை எந்த ஃபாரத்திலும் எழுதக்கூடாது. சட்டம் போட்டவள் வேறு யாருமில்லை, சுராயாதான்.

மெசேஜை அவள் அழிக்கவில்லை. அழித்தால்தானே தப்பு? படித்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள், வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். சாயங்காலம், காலையில் சொல்லிக்கொள்ளலாம். தூத்துக்குடிக்கு மகள் போய்விட்டால் நூறு என்ன, எழுபதுகூட நிற்காது. இப்படியே ஒன்பது நாள் ஓடிவிட்டது. அந்த "இன்ன தேதி" இன்றைக்குத்தான். அந்த நூறு சாப்பாடும் இன்றைக்குத்தான்.

"அம்மா, ரெண்டாம் நம்பர் டப்பா எங்க?" ஹனியா பின்கட்டில் தராசு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அடுப்புகிட்டதான் கீது, பாரு."

மணி ஒன்பது. அறுபது சிக்கன், நாற்பது வெஜிடபிள். பெரிய தேக்சா அண்டா சுராயா பொறுப்பு. சின்னது பக்கத்து வீட்டு மேரி பொறுப்பு. மேரி இரண்டு மாதமாக இவளோடு சேர்ந்து சமைக்கிறாள். வேலையில் சுத்தம், வாயில் ஓய்வு கிடையாது.

அப்பாஸ் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சுராயா, நூறு ஆயிடும்ல?"

"இன்ஷா அல்லாஹ். பார்சல் டப்பா எடுத்துகினு வாங்க மொதல்ல. தாம்பரத்துல நின்னு கத பேசாதீங்க."

"நான் எங்கடி கத பேசறேன்? டிரைவருன்னா முதலாளியம்மா வெரட்டத்தான் செய்வாங்க." அவர் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். "உங்கம்மா கம்பெனி தொறந்தா எனக்கு வாட்ச்மேன் வேலையாவது குடுக்கச் சொல்லு."

ஹனியா சிரித்தாள். சுராயாவும் சிரித்தாள். வாய் மட்டும்தான் சிரித்தது. இருபத்தைந்து வருஷமாக இந்த மனுஷனிடம் அவள் எதையும் மறைத்ததில்லை. புடவை விலையைக்கூடக் குறைத்துச் சொன்னதில்லை. அவர் வண்டியைக் கிளப்பிப் போகிற சத்தம் கேட்டபோது, இவருக்கும் சேர்த்துத்தானே துரோகம் செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது.

பத்து மணிக்கு தாலிச்சாக் குழம்பை ருசி பார்த்தாள். நாக்கில் ஒன்றும் தெரியவில்லை.

"மேரி, நீ கொஞ்சம் பாரேன். உப்பு கீதா?"

"சூப்பரா கீதுக்கா. இன்னா, ஜலதோஷமா?"

"ஆமா" என்றாள். இன்னொரு பொய். சின்னதுதான்.

பத்தே முக்காலுக்குப் பெரிய தேக்சாவைத் தம்மில் போட்டார்கள். மூடி மேல் கரியை அள்ளிப் பரப்பிவிட்டுச் சுராயா நிமிர்ந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. புது நம்பர்.

"ஹலோ ஆன்ட்டி, நான் ஹாதியா பேசறேன். கடப்பாக்கம். ஹனியாகூடப் படிச்சேனே." பின்னால் காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டது. "அவ கெளம்பிட்டாளா? நான் மகாபலிபுரம் வந்துட்டேன். கும்பலா கீது ஆன்ட்டி. ரெண்டு மணிக்கு டாண்ணு குளோஸ் பண்ணிடுவாங்களாம்."

சுராயாவின் வாய் தானாகத் திறந்தது.

"வந்துகினு கீறாம்மா. வழியிலதான் கீறா."

போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒன்பது நாளாகச் செய்தது வாயை மூடிக்கொண்டு இருந்தது. அதற்கு ஏதாவது சாக்குச் சொல்லி மனதைச் சரிக்கட்ட முடிந்தது. இப்போது வாயைத் திறந்து, ஊரான் வீட்டுப் பெண்ணிடம், முழுசாக ஒரு பொய் சொல்லியாயிற்று. இந்தப் பொய்யை நிஜமாக்க ஒரே வழிதான் இருந்தது.

"ஹனியா!"

"இன்னாம்மா?"

"ஹாதியா போன் பண்ணா. உனக்கு அந்த ஆய்வுக்கூடத்துல கெடச்சிருக்காம். மகாபலிபுரத்துல வெரிஃபிகேஷனாம். இன்னிக்கே கடைசியாம். ரெண்டு மணிக்குள்ள போவணும்."

ஹனியா தராசிலிருந்து கையை எடுத்தாள். அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இப்பதான் தெரிஞ்சுதா?"

"இப்பதான். இப்பதான் போன் பண்ணா."

"ஓ" என்றாள் ஹனியா. எழுந்து உள்ளே போனாள்.

இரண்டே நிமிஷம். முகம் கழுவி, துப்பட்டாவைச் சுற்றி, கையில் ஃபைலோடு வந்து நின்றாள். சுராயா அதைக் கவனித்திருக்க வேண்டும். பதற்றத்தில் கவனிக்கவில்லை.

"நானும் வரேன்" என்றாள்.

"நூறு?"

"மேரி பாத்துப்பா. அவ்ளோ தூரம் உன்னத் தனியா அனுப்ப முடியாது."

மேரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, தம்மை யாருக்கா ஒடைக்கிறது? நானா?"

"நீதான். பதினொன்றரைக்கு ஒட. ஓரத்துலேர்ந்து எடு, நடுவுல கரண்டி வுட்டுக் கலக்காத. அவரு வந்தா சர்டிபிகேட் வேலையாப் போயிருக்கோம்னு சொல்லு."

ஆறு மாதமாகக் கனவு கண்ட நூறு. அதன் மூடியைத் திறக்கும்போது அங்கே இருக்கக்கூட முடியவில்லை. அது தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே சுராயா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

ஹனியா ஸ்கூட்டரை ஓட்டினாள். வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தார்கள். சுராயா மகளின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். நல்ல அம்மா, விஷயம் தெரிந்ததும் போட்டது போட்டபடி ஓடி வந்துவிட்டாள் என்று இந்தப் பெண் நினைத்துக்கொண்டிருப்பாள். ஊரும் அப்படித்தான் சொல்லும். தப்பித்தாயிற்று. ஆனால் தப்பித்தது சந்தோஷமாக இல்லை. அந்த நல்ல பெயர் உடம்பெல்லாம் அரித்தது.

கொளப்பாக்கம் தாண்டியதும் அவளால் முடியவில்லை.

"ஹனியா, எனக்கு முன்னாடியே தெரியும்!"

"இன்னாம்மா? கேக்கல!"

"மெசேஜ் வந்துச்சு! எனக்கு!"

"காத்து அடிக்குதும்மா! சத்தமா சொல்லு!"

பக்கத்தில் ஒரு டிப்பர் லாரி உறுமிக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, நட்டநடு ரோட்டில் சுராயா கத்தினாள்.

"ஒம்போது நாளைக்கு முன்னாடியே மெசேஜ் வந்துச்சு! நான்தான் உங்கிட்ட சொல்லல!"

எதிரே வந்த பைக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். வண்டியின் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுராயாவுக்கு மகள் முகம் தெரியவில்லை. கண்ணாடியில் ஹெல்மெட்தான் தெரிந்தது. திட்டினால் தேவலை என்றிருந்தது.

திருப்போரூரில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். வரிசையில் நிற்கும்போது ஹனியா திரும்பாமலே கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"நிய்யத்து வெச்சுட்டேன்டி. நூறுன்னு. நீ போயிட்டா நான் எப்படி…"

"நிய்யத்து எதுக்கு வெச்ச? நூறு சாப்பாட்டுக்கா, என்னை வூட்டோட வெச்சுக்கவா?"

பெட்ரோல் போடுகிறவர், "எவ்ளோம்மா?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் ஹனியா அவர் பக்கம் திரும்பினாள்.

ஆய்வுக்கூடத்துக்கு அவர்கள் போய்ச் சேரும்போது மணி ஒன்று இருபது. சவுக்குத் தோப்பை ஒட்டி வெள்ளையடித்த கட்டடம். வாசலில் ஹாதியா காத்திருந்தாள். அவள் வேலை முடிந்துவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிறதாம். ஹனியாவின் கையைப் பிடித்துக் காதில் ஏதோ சொன்னாள். சுராயாவுக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டு, முகத்தை முழுசாகப் பார்க்காமல் போய்விட்டாள். சுராயாவுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

உள்ளே உலகநாதன் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். வயசானவர், தன்மையானவர். சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் வரிசையாக இருந்தன. ஜெராக்ஸ், கையெழுத்து, போட்டோ, ஒன்றுகூடக் குறையவில்லை.

"எல்லாம் கரெக்டா வெச்சிருக்கியேம்மா. அப்புறம் ஏன் கடைசி நேரத்துல ஓடி வர்றே? ஒம்போது நாள் முன்னாடியே மெசேஜ் போட்டோமே. இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தா அடுத்த பேரைக் கூப்பிட்டிருப்பேன்."

சுராயா தரையைப் பார்த்தாள். இப்போது சொல்லப்போகிறாள், அம்மா மறைத்துவிட்டாள் என்று. சொல்லட்டும். சொல்ல வேண்டியதுதான்.

"வீட்டுல ஒரு பெரிய ஆர்டர் சார்" என்றாள் ஹனியா. "அதை வுட்டுட்டு வர முடியல. சாரி சார்."

இந்த ஒன்பது நாளில் சுராயா பட்டதெல்லாம் ஒன்றுமில்லை. மகள் தனக்காகச் சொன்ன அந்தப் பொய் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. அழுதுவிடுவோமோ என்று பயந்து முந்தானை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உலகநாதன் ஒரு தாளை நீட்டினார். "ஒண்ணாம் தேதி தூத்துக்குடியில ரிப்போர்ட் பண்ணணும். ஹாஸ்டல்ல தங்கறதுக்கு அப்பா, அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். திங்கக்கிழமைக்குள்ள கொண்டாந்து குடுத்துடு. இல்லன்னா சேத்துக்க மாட்டாங்க."

வெளியே வந்தார்கள். ரோட்டோரம் ஒரு இளநீர்க் கடை இருந்தது. அங்கே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. அப்பாஸ்.

"சுராயா! எங்கடி கீறீங்க? நூறும் போயிடுச்சு! கேக்குதா? நூறும்!" அவர் குரலில் இருந்த குதூகலம் போனைத் தாண்டி வழிந்தது. "அந்த ஜானகிராமன் சார் கீறாரே, கேன்டீன் பாக்கறவரு, அவரே எறங்கி வந்து சாப்ட்டாரு. இன்னாய்யா, உங்க வூட்டம்மா வரலையான்னு கேட்டாரு. அடுத்த வாரத்துலேர்ந்து நூத்தி இருபது வேணுமாம். ஹனியாகிட்ட சொல்லு, அளவெல்லாம் அவ போட்டாத்தான் சரியா வரும்."

"சரிங்க."

"இன்னா, குரலே இல்ல? சந்தோஷமா இல்லையா?"

"இருக்குங்க. வந்து பேசறேன்."

ஆறு மாதம் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் இருட்டோடு எழுந்தாள். நூறும் போயிடுச்சு. கேட்டாயிற்று. தன் கை படாமலேயே மேரி மூடியைத் திறந்து, அப்பாஸ் வண்டியில் ஏற்றி, எல்லாம் நடந்துவிட்டது. தான் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்றுகூட இல்லை. அவளுக்கு அழுகை வந்ததே தவிர சந்தோஷம் வரவில்லை.

"நூறு ஆயிடுச்சா?" என்று கேட்டாள் ஹனியா.

"ஆயிடுச்சு."

"நல்லது." இளநீரில் ஸ்ட்ராவைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை. "அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஹாதியாவை உனக்குப் போன் பண்ணச் சொன்னது நான்தான்."

சுராயாவுக்கு முதலில் புரியவில்லை.

"வெப்சைட்ல லிஸ்ட் போட்ட அன்னிக்கே பாத்துட்டேன். மெசேஜ் உன் போனுக்கு வந்திருக்கும்னும் தெரியும். சாயங்காலம் நீயே கூப்ட்டு சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேன். நீ சொன்னதும் இன்னா பேசணும்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன்."

"இன்னா… இன்னா பேசணும்னு?"

"வேணாம்மா, போவலன்னு." ஹனியாவின் குரல் முதல் முறையாக உடைந்தது. "நெசமாத்தான் சொல்றேன். அம்மா நூறு முடிக்கட்டும், நாம அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். நீ மெசேஜைக் காட்டியிருந்தா, அன்னிக்கே நான் வூட்டுல இருந்திருப்பேன். உங்கூடவே."

சுராயா மகளின் கையைப் பிடிக்கப் போனாள். ஹனியா கையை இழுத்துக்கொள்ளவில்லை, கொடுக்கவும் இல்லை.

"மொத நாள் சொல்லல. ரெண்டாம் நாள் சொல்லல. நாலாம் நாள் நான் ஃபைலைக் கட்டி வெச்சேன். சொல்லாம வெச்சிருக்கியே, அதுக்கு மேல அந்த வூட்டுல நான் எப்படிம்மா இருக்கிறது? இன்னிக்குக் காலையில வரைக்கும் பாத்தேன். ஹாதியா போன் பண்ணா, நீ உண்மையச் சொல்லிடுவன்னு பாத்தேன். 'இப்பதான்'னு சொன்ன பாரு…" அவள் இளநீரைக் கீழே வைத்தாள். "நான் போறேம்மா. ஒரு வருஷம்."

ஒரு வார்த்தை. அன்றைக்குச் சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகளும் இருந்திருப்பாள், நூறும் நடந்திருக்கும். எதைக் காப்பாற்ற வாயை மூடினாளோ அதை அந்த மூடிய வாயே வெளியே துரத்தியிருந்தது. மன்னிச்சுக்கோ என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதை இப்போது சொன்னால் மகள் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதையும் அவள் தலையில் கட்ட மனசு வரவில்லை.

"கையெழுத்து?" என்றாள் கடைசியில். "உங்கப்பா தாம்பரம் தாண்டி உன்ன அனுப்ப மாட்டேன்னு சொல்லிகினு கீறவரு."

"அத நீதாம்மா கேக்கணும்."

"வூட்டுக்குப் போயி…"

ஹனியா எழுந்து துப்பட்டாவைத் தட்டிவிட்டுக்கொண்டாள். வூட்டுக்குப் போயி, சாயங்காலம், காலையில. சுராயாவுக்கே அது காதில் விழுந்தது.

போனை எடுத்தாள். அப்பாஸ் முதல் ரிங்கிலேயே எடுத்தார். பின்னால் மேரியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மீதமிருந்ததைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் போல.

"சொல்லு முதலாளியம்மா!"

"ஏங்க, ஹனியாவுக்கு கவர்மென்ட் வேலை கெடச்சிருக்கு. ஒரு வருஷம் தூத்துக்குடியில டிரெய்னிங்கு. ஒண்ணாம் தேதி போவணும். நீங்க கையெழுத்துப் போடணும்."

அந்தப் பக்கம் சாப்பிடும் சத்தம் நின்றது.

"தூத்துக்குடியா?" அப்பாஸின் குரல் இறங்கியிருந்தது. "இன்னாடி திடீர்னு? எப்போ தெரியும் உனக்கு?"

இன்னிக்குத்தான் என்று சொல்லலாம். ஹனியா காட்டிக்கொடுக்க மாட்டாள். உள்ளே அந்த அதிகாரியிடம் காப்பாற்றியவள் இங்கேயும் காப்பாற்றுவாள். சுராயா தலையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டடி தள்ளி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மகள் சவுக்குத் தோப்பைப் பார்த்து நின்றிருந்தாள்.

"ஒம்போது நாளாத் தெரியுங்க" என்றாள் சுராயா. "மெசேஜ் எனக்கு வந்துச்சு. உங்க ரெண்டு பேருகிட்டயும் நான்தான் மறைச்சேன்."

அப்பாஸ் போனை வைக்கவில்லை. அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சுராயாவும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.